இளஞ்சிவப்பு ஒட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் நலமாகவே இருப்பீர்கள் என்று தெரிகிறது. பத்திரிகைப் படத்தில் கன்னத்தில் சதை போட்டிருக்கிறது.

ஆமாம், பத்திரிகையைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜைக்காரரை எல்லோரும் 'நியூஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அச்சான எதையும் விடமாட்டார், பொட்டலம் கட்டிய தாளைக்கூடப் பிரித்துப் படிப்பார். அவர்தான் அதைக் கொண்டுவந்து, நான் குழாய்ப் பாதை வரைந்துகொண்டிருந்த பலகையின் மேல் விரித்தார். "இது உங்க தம்பிதானே சார்? அப்பாவும் இவரும் சேர்ந்து ரிமோட் கார் எல்லாம் கட்டியிருக்காங்களாமே. அப்போ நீங்க எங்க சார் இருந்தீங்க?"

குத்தலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நீ சொன்னதாகப் போட்டிருப்பது இது: "என் முதல் வண்டியை அப்பாவும் நானும் அவருடைய வேலை மேஜையில் வைத்துக் கட்டினோம். இன்று நான் கார் வடிவமைப்பவனாக இருப்பதற்கு அந்த மேஜைதான் காரணம்."

உனக்கு மறந்திருக்கும், நான் சொல்கிறேன். கப்பலில் வேலை பார்த்த மாமா, நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்காக எனக்கென்று வாங்கி வந்த வண்டி அது. பெட்டிக்குள் வண்டி இல்லை. பிளாஸ்டிக் துண்டுகளும், பொட்டலம் பொட்டலமாக ஸ்குரூவும், ஒரு படப் புத்தகமும்தான் இருந்தன. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அப்பா பல் செட் செய்யும் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இது தொழில் பண்ற இடம். பொம்மை வேலைக்கு வேற இடம் பாரு." பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். பின் அறையில், அம்மா துணி இஸ்திரி போடும் பலகையின் மேல் வைத்துத்தான் கட்டினேன். அந்த விடுமுறை முழுக்க. தனியாக. நீ அப்போது சின்னப் பையன். ஸ்குரூவை எடுத்துக்கொடு என்றால் மூக்குக்குள் போட்டுக்கொள்வாய்.

அப்பா அந்த வண்டியைக் கையால் தொட்டதில்லை. இது உனக்குத் தெரியும். தெரிந்தும் எப்படி வாய் வந்தது என்று எழுது.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ சிரிப்பாய், நான் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பத்திரிகைக்காரர்கள் ஒன்று சொன்னால் ஒன்று எழுதுவார்கள். ஒரு மணி நேரம் பேசியதை அரைப் பக்கத்துக்குள் அடைத்துவிட்டார்கள். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டி இன்னும் இருக்கிறதா அண்ணா? எங்கள் கம்பெனிக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அதன் முகப்புக் கூடத்தில், பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் முதல் வண்டியை வைக்க வேண்டுமாம். ஒருவர் மூன்று சக்கர சைக்கிள் கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் வண்டியைக் கொடுத்தால் கண்ணாடிக் கூண்டில் வைத்து, கீழே விவரம் எழுதிய ஓர் அட்டையும் வைப்பார்கள். அதே மாடலை இப்போது மறுபடியும் தயாரிக்கிறார்கள். உதிரிப் பாகம் எதுவும் கிடைக்கும். என்ன வேண்டும் என்று எழுதினால் அனுப்பிவைக்கிறேன். கியர் பெட்டியை மட்டும் பிரித்துச் சிரமப்பட வேண்டாம். புதிதாகவே கிடைக்கிறது, முழுசாக மாற்றிவிடலாம்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது.

நான் கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வண்டி பரணில் இருந்தது. இறக்கிவிட்டேன். டயர் நான்கும் எலும்பாகக் காய்ந்து வெடித்துவிட்டன. பேட்டரி கசிந்து, செம்பு முழுக்கப் பச்சைப் பொடி பூத்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று உடைந்திருக்கிறது. மேல் கூட்டில் ஓட்டுநர் பொம்மைக்குத் தலை இல்லை. ஆனால் வண்டியின் அடித்தட்டு நேராக இருக்கிறது. நான் முடுக்கிய ஒரு ஸ்குரூகூட இளகவில்லை.

வண்டியைத் தருகிறேன். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, பழுது பார்ப்பது நான்தான். அங்கே யார் கையிலும் கொடுத்து மினுக்கக் கூடாது. இரண்டு, அந்த அட்டையில் 'கட்டியது: அண்ணன்' என்று எழுத வேண்டும். பெரிய எழுத்தில் வேண்டும் என்று கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள். நான் கட்டியதை நான் கட்டியதாக எழுது. நாற்பது வயது வரை எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஏனென்றால் வேறு எதையும் நான் முழுசாகக் கட்டவில்லை. பிறர் தோண்டும் குழிக்குக் கோடு போட்டே காலம் போய்விட்டது.

கியர் பெட்டியைப் பற்றி எனக்குச் சொல்லித்தராதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். இத்துடன் ஒரு செட் டயர், முன் கை, பேட்டரி, புது ஓட்டுநர் பொம்மை எல்லாம் அனுப்பியிருக்கிறேன். பொம்மையின் தலைக்கவசத்துக்கு நீங்கள் போட்ட அதே சிவப்புதானே? ஞாபகம் இருக்கிறது.

அட்டை வாசகத்தைப் பற்றி நிர்வாகத்தில் பேசுகிறேன். அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது, எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். பார்க்கலாம். கியர் பெட்டி தனிப் பார்சலில் வரும், பழையதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி

*

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்தது. நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேஜையைப் பிடித்துவிட்டேன். உன் அண்ணியும் நானும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காயவைத்திருந்தேன். பார்த்துவிட்டு, "நம்ம பிள்ளைங்களை ஒரு நாளாவது இப்படிக் குளிப்பாட்டியிருப்பீங்களா?" என்றாள். அன்று சாயங்காலம் அவளுடைய பல் பிரஷைத் தேடினாள். நான் குனிந்து ஸ்குரூ எண்ணிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொடி படிந்த பிரஷைக் குப்பைத் தொட்டியில் அவளே கண்டுபிடித்தாள். "உங்க மூத்த பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

மேல் கூட்டுக்குப் புதிதாக வாங்காமல் பழையதையே வைத்துக்கொண்டேன். கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் அல்லவா, உள்பக்கமாகத்தான் வர்ணம் பூச வேண்டும். கடைசியில் தெரிய வேண்டிய கோட்டை முதலில் போட வேண்டும். அந்த வயதில் அது எனக்கு எப்படிப் புரிந்தது என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரக் கூடியவர் அடுத்த அறையில் யாருக்கோ கடைவாய்ப் பல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக்கில் பழைய ஸ்குரூவைத் திரும்பப் போடும்போது, முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். பழைய தடத்தில் 'டக்' என்று விழும். அப்புறம்தான் வலப்பக்கம் முடுக்க வேண்டும். அவசரக்காரன் புதுத் தடம் வெட்டிவிடுவான், அதன் பிறகு எதுவும் பிடிக்காது. இதை எழுதுவது உனக்குப் பாடம் நடத்த இல்லை. இந்த வண்டியில் ஒவ்வொரு ஸ்குரூவும் என் தடத்தில்தான் விழுகிறது. வேறு கை பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தா பெஞ்சில் படுத்துக் கிடந்தவன் நான். ஒவ்வொரு முறை நான் உள்ளே போகும்போதும் கண்ணைத் திறந்து, "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்பார். வருவான் அப்பா என்பேன். மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போதும் சொல்லியிருக்கத் தேவையில்லை. எழுதியாயிற்று, கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

அட்டை என்ன ஆயிற்று? இன்னொன்று, கியர் பெட்டியைப் பிரிக்காதே, பிரிக்காதே என்று ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறாய்?

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சௌக்கியம். வேலை கொஞ்சம் அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பா கேட்டதை நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

அட்டைக்கு இப்படி ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'குடும்பமாகச் சேர்ந்து கட்டிய முதல் வண்டி.' இதில் எல்லோரும் வந்துவிடுகிறோம் அல்லவா? உங்களுக்குச் சம்மதம் என்றால் முடித்துவிடலாம். திறப்பு விழா ஆகஸ்ட் கடைசியில்.

கியர் பெட்டி இத்துடன் இருக்கிறது. பழைய பெட்டிக்குள் மசகு இறுகிப் பல்லெல்லாம் தேய்ந்திருக்கும், அதனால்தான் சொன்னேன். அதைக் கழற்றி அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள். திறந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை.

அன்புடன்,
தம்பி

*

ஜூன் 28

தம்பிக்கு,

நலம்.

குடும்பமாகச் சேர்ந்து. நல்ல வாசகம். கல்யாணப் பத்திரிகையில் போடலாம்.

அந்த அட்டையைப் படித்த கோபத்தில்தான் பழைய கியர் பெட்டியைத் திறந்தேன். திறந்து பார்க்க ஒன்றுமில்லை என்று ஒருவன் மூன்று கடிதத்தில் சொன்னால், கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறவன் வேறு என்ன செய்வான்? பெட்டியின் இரண்டு பாதியையும் பிடிக்கும் முதல் ஸ்குரூவை, கழன்ற பிறகும் துளையில் வைத்து இடப்பக்கம் சுற்றினேன். இரண்டு இடத்தில் 'டக்' என்றது. இரண்டு தடம். இன்னொரு கை இதைத் திறந்து மூடியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. நீதான் நோண்டியிருக்கிறாய் என்று நினைத்தேன். உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று உன் அண்ணியைக் கேட்டால் சொல்வாள்.

பெட்டியைப் பிரித்தேன். நான் வைத்தது வெள்ளை மசகு, வண்டியோடு வந்தது. உள்ளே இருந்தது மஞ்சளாகக் காய்ந்த வாசலின். பிளாஸ்டர் அச்சு ஒட்டாமல் இருக்க ஒருவர் தடவுவாரே, அந்த வாசலின். அதைத் துடைத்தேன். கீழே, பெட்டியின் கறுப்பு பிளாஸ்டிக்குக்குக் குறுக்கே, ஈறு நிறத்தில் ஓர் ஒட்டு.

உனக்கு விவரிக்கத் தேவையில்லை, நீ பார்த்திருக்கிறாய். எனக்காக எழுதிக்கொள்கிறேன். பெட்டி ஓரத்திலிருந்து அச்சுத் துளை வரை விரிந்து உடைந்திருக்கிறது. விரிசலை அரத்தால் அகலப்படுத்தி, குறுக்கே மெல்லிய எஃகுக் கம்பி பதித்து, அதன் மேல் பல் செட்டுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை ஊற்றியிருக்கிறது. இரண்டாக உடைந்த மேல் செட்டை அப்பா அப்படித்தான் ஒட்டுவார். பல்சக்கரம் உரசாமல் இருக்க ஓர் ஓரத்தை மட்டும் சீவியிருக்கிறது. வெளிப்பக்கம் கறுப்புப் பூச்சு. அதை நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம் பாலிஷ் போட்டிருக்கிறது. கியர் பெட்டிக்குள், மூடினால் எவனும் பார்க்கப் போகாத இடத்தில், யாருடைய நாக்கோ படப்போவது மாதிரி வழவழவென்று பாலிஷ்.

இதை நீ செய்திருக்க முடியாது.

நான் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு நடந்திருக்கிறது. விடுமுறைக்கு வந்தபோது வண்டி நான் சுற்றிவைத்த துணியிலேயே, நான் போட்ட முடிச்சு மாதிரியே முடிச்சுப் போட்டு இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். சத்தத்தில்கூட வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் என் பொருளைத் தொடமாட்டார்கள் என்று விடுதி நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அப்பா அந்த வண்டியைத் தொட்டதே இல்லை என்று உன் அண்ணியிடம், என் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஏன், பிப்ரவரியில் உனக்கேகூட எழுதினேன்.

என்ன நடந்தது என்று எழுது. அட்டைப் பேச்சு அப்புறம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் வீட்டிலும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், கெட்ட செய்தி என்றால் இதற்குள் போன் வந்திருக்கும்.

பதில் இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

வண்டி மேஜை மேலேயே பாதியில் கிடக்கிறது. புதுக் கியர் பெட்டி அதன் உறையில் இருக்கிறது. அதைப் போட்டு மூடினால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். பழையதைத் தூக்கிப் போட்டால், அப்பா இந்த வண்டியைத் தொடவே இல்லை என்று நான் முன்போலவே சொல்லிக்கொண்டு திரியலாம். மறுத்துச் சொல்ல உன்னைத் தவிர ஆளில்லை. நீயும் அதைத்தான் விரும்பினாய் போலிருக்கிறது. இரண்டு முறை குப்பைத் தொட்டி வரை கொண்டுபோனேன். உன் அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "போடுறதுன்னா போடுங்க. அப்புறம் என்னைத் தோண்டி எடுக்கச் சொல்லக் கூடாது" என்றாள்.

எழுது.

அண்ணன்

*

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு, அண்ணியின் உடம்பு எல்லாம் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பல முறை தொடங்கிக் கிழித்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் விடுதிக்குப் போன பிறகு, வண்டியைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பலகையைச் சாய்த்துவைத்து அதன் மேல் ஏற்றிப் பறக்கவிட்டேன். சுவரில் மோதி விழுந்தது. கியர் பெட்டி வாயைப் பிளந்துவிட்டது. அழுதுகொண்டே அப்பாவிடம் கொண்டுபோனேன். அடிப்பார் என்று நினைத்தேன். மேஜையில் இருந்த பல் அச்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வண்டியை விளக்குக்குக் கீழே வைத்தார். என்னை முக்காலியில் உட்காரவைத்து, கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் திரவத்தின் நெடி எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. அந்த இளஞ்சிவப்புத்தான் கைவசம் இருந்தது. "உள்ளேதானே, வண்டி வாயைத் திறந்து காட்டப் போறதில்ல" என்றார்.

பத்திரிகைக்காரரிடம் 'பழுது பார்த்தோம்' என்றுதான் சொன்னேன். அவர் 'கட்டினோம்' என்று போட்டார். அச்சாகும் முன் எனக்கு அனுப்பினார்கள், நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. திருத்தினால் எப்படி உடைந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். உண்மையைச் சொல்வதென்றால், படிக்க நன்றாகவும் இருந்தது.

அன்றே உங்களுக்கு எழுதிச் சொல்லிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். "அவன்கிட்ட சொல்லாத. அவன் கத்துற ஆள் இல்லடா. உள்ளேயே வச்சுக்குவான்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். பெட்டியைப் பிரிக்கும்போது, கண்ணாடியை நெற்றியில் தள்ளிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். "ஒரு ஸ்குரூகூடக் கோணல் இல்ல. இந்தக் கை என் மேஜைக்கு வந்திருக்கணும்" என்றார். நான் அதையும் உங்களிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

கூடத்தில் வண்டியை வைக்கப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விழா முடிந்துவிட்டது. என் பெயருக்கு நேரே காலிக் கூண்டு இருக்கிறது. வண்டி உங்களுடையது, உங்களிடமே இருக்கட்டும்.

என்றும்,
உங்கள் தம்பி

*

அக்டோபர் 26

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. உன் அண்ணிக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. உங்கள் நலத்தைப் பற்றி எழுது.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

பிப்ரவரியில் உனக்கு எழுதத் தொடங்கியபோது, நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். அது எவ்வளவோ தேவலை. பொய் சொன்னவனை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம், எப்படியும் மேல் படியில் நிற்கலாம். நீ முழுப் பொய் சொல்லவில்லை. அந்த மேஜை, அந்த விளக்கு, நீ, அவர், எல்லாம் நிஜம். நான் மட்டும் அங்கே இல்லை. கட்டியவனுக்கு இஸ்திரிப் பலகை, உடைத்தவனுக்கு மேஜை. இதற்கு நான் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

என் கை அவர் மேஜைக்கு வந்திருக்க வேண்டுமாம். கை அந்த மேஜைக்குத்தான் வந்தது. பெட்டியோடு திருப்பி அனுப்பினார். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்ல அவருக்கு அதன் பிறகும் ஓர் ஆயுள் இருந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் எதிரில் நின்றேன். அதை உன்னிடம் சொன்னார், ஒரு சின்னப் பையனிடம். நீயும் அதை வாசலின் தடவி உள்ளே வைத்து மூடிவிட்டாய். உள்ளேயே வைத்துக்கொள்வான் என்று என்னைச் சொன்னாராம். இந்த வீட்டில் நான் ஒருவன்தானா?

இதற்கு உன்னை மன்னிக்கவில்லை. அவரையும் இல்லை. நன்றாகத் தெரிந்துகொள்.

ஆனாலும் புதுப் பெட்டியைப் போட எனக்கு மனம் வரவில்லை. பழையதையே சுத்தம் செய்து, வெள்ளை மசகு வைத்து, முதல் தடம் எது, இரண்டாவது தடம் எது என்று ஒவ்வொரு துளையிலும் தேடினேன். முதல் தடத்தில், அதாவது என் தடத்தில், எதுவும் பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டாவதில்தான் இறுகியது. அவர் தடத்திலேயே முடுக்கினேன். வேறு வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஓட்டினேன். உன் அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேகமாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பியது. உள்ளே ஒரு முனகல்கூட இல்லை. அவள் கொடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க அப்பா போட்ட ஒட்டு இன்னும் நிக்குதே" என்றாள். "நான் கட்டினதும்தான் நிக்குது" என்றேன். "யார் இல்லைன்னா இப்போ?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வண்டியை உனக்கு அனுப்புகிறேன். இதோடு பார்சலில் வருகிறது. என்னிடமே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறாய். உன் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். விட்டுக்கொடுத்துவிட்டு நல்ல பெயர் வாங்கும் வேலையை நீ சின்ன வயதிலிருந்து செய்கிறாய். காலிக் கூண்டு காலியாகவே இருந்தால், அந்தக் கூடத்துக்குள் வருகிறவர்களுக்கு நான் இல்லவே இல்லை. உன் நிர்வாகத்திடம் போய், மனம் மாறிவிட்டது என்று சொல். கியர் பெட்டியின் மேல் பாதியைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். அதை வண்டிக்குப் பக்கத்தில், உள்பக்கம் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். வண்டி வாயைத் திறந்து காட்டட்டும். அட்டையில் இதை எழுது, இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், இதில் ஒரு வார்த்தை குறையவும் கூடாது:

கட்டியது அண்ணன்.
உடைத்தது தம்பி.
ஒட்டியது அப்பா.

எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னால், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடு. நீ இதை வைக்கிறாயா இல்லையா என்பதை வைத்துத்தான், அடுத்து உனக்குக் கடிதம் எழுதுவதா வேண்டாமா என்று யோசிப்பேன். வைத்தால் படம் எடுத்து அனுப்பு. நியூஸிடம் காட்ட வேண்டும். அவர் கேட்ட கேள்வி இன்னும் அந்த வரைபலகை மேல்தான் கிடக்கிறது.

எழுதி முடித்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம்போல 'உன் அண்ணன்' என்று போட்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வாய். சரியாகவில்லை. வெறும் பெயரைப் போட்டால், அறுத்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்வாய். அதுவும் இல்லை. தபால் நிலையம் மூட இன்னும் நேரம் இருக்கிறது. கீழே ஒன்றும் போடாமல், இப்படியே உறையில் வைத்து ஒட்டி அனுப்பப் போகிறேன்.